தொப்பைக்குத் தைராய்டா காரணம்? மாமாக் கடையில் விடை இருக்கு!

[திரையில்: பிரிக்ஃபீல்ட்ஸ், காலை, மாமாக் கடை மேசை]

வணக்கம் மக்களே! உங்கள் தொப்பை, உங்கள் ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிக்கொண்டிருக்கிறது. சத்தியமாக. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் எங்கள் அண்ணன் கதை.

இடுப்பு 110 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். ஒரு மையத்தில் "பேக்கேஜ்" என்று ரத்தப் பரிசோதனை செய்தார், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 5.2 வந்துவிட்டது. சாதாரணமாக 4 பக்கம்தான் மேல் எல்லை. வீட்டில் ஒரே கொண்டாட்டம்: "பாத்தியா, தைராய்டுதான், குழம்புச் சோறு நாசி கண்டார் இல்ல!"

தைராய்டு என்பது கழுத்தில் இருக்கும் பட்டாம்பூச்சி வடிவச் சுரப்பி, உடம்பின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். பாடம் முடிந்தது.

இப்போது இந்தக் கடையைப் பாருங்கள். ஆர்டர் எடுப்பவர் மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. தே தாரிக் ஆற்றுபவர் தைராய்டு. "தே தாரிக் ஒண்ணு!" என்ற கத்தல்தான் டிஎஸ்எச், மேசைக்கு வரும் தேநீர், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4. ஆற்றுபவர் தூங்கினால் ஆர்டர் எடுப்பவருக்குக் கத்திக் கத்தித் தொண்டை போகும்: டிஎஸ்எச் ஏறும், டி4 இறங்கும். அது நிஜமான தைராய்டு குறைபாடு, மாத்திரை வேண்டும். ஆனால் பந்து விளையாட்டு இரவில் என்ன நடக்கும்? கடை நிறைந்து ஒரே சத்தம், இவரும் கொஞ்சம் குரலை உயர்த்துவார், தேநீர் என்னவோ வழக்கம்போலத்தான் வரும். அந்தக் கூட்டம்தான் லெப்டின், கொழுப்புச் செல்கள் விடுகிற ஹார்மோன், மூளையைத் தட்டிக்கொண்டே இருக்கும். எடை குறைந்தால் கூட்டம் கலையும், குரலும் இறங்கும். அண்ணனுக்கு டி4 சரியாகவே இருந்தது. அதாவது தைராய்டு தொப்பையைக் கொண்டுவரவில்லை, தொப்பைதான் டிஎஸ்எச்சை ஏற்றியிருக்கக்கூடும்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

நிஜமாகவே குறைபாடு இருந்தாலும் அதனால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். மீதி 30 கிலோவுக்கு நாசி கண்டார் பதில் சொல்லட்டும். எடை குறைக்க என்று தைராய்டு மாத்திரை போடாதீர்கள், இதயத் துடிப்பும் எலும்பும் கெடும்.

சரி, வாக்குக் கொடுத்த விஷயம். கொழுப்பில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். அப்புறம் டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கும் புரதமும் பருமனில் குறைவதால், மொத்த அளவு நிஜ நிலையைவிடக் குறைவாகத் தெரியலாம். எல்லாப் பருமனானவர்களுக்கும் தைராய்டு பாருங்கள், டெஸ்டோஸ்டிரோனை அறிகுறி இருந்தால் மட்டும் பாருங்கள் என்று 2020-ல் ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சொன்னார்கள். அதுவும் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாள். அண்ணன் போனது மதியம் 3 மணிக்கு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு! அந்த எண்ணைப் பார்த்துவிட்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா என்று கேட்கிறார். பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள், ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் போடுகிறீர்களா? சில ஆய்வுக்கூட முறைகளில் அது தைராய்டு எண்ணையே பொய்யாகக் காட்டும், பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் யார் போடுகிறார்கள், கமெண்டில் வாங்க.

நான் கேட்ட தேநீர் இன்னும் வரவில்லை. அண்ணே, தே ஓ கோசோங் ஒண்ணு!