ரோபோவுக்கு வேகம் மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். ஒரு ரோபோ கை மேசையில் இருக்கும் கண்ணாடிக் குவளையை எடுக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரே அசைவு. உள்ளே ஓடும் மென்பொருளோ ஒவ்வொரு மூட்டும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சென்சாரில் படித்து, நிற்க வேண்டிய கோணத்தோடு ஒப்பிட்டு, மோட்டாருக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. பல ரோபோ கைகளில் இந்தச் சுற்று நொடிக்கு 1000 முறை நடக்கிறது. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 1 மில்லி நொடி.

சாதாரண இயங்குதளத்திலும் இது பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடும். எப்போதாவது நெட்வொர்க்கில் தரவு வந்து குவியும், வேறொரு நிரல் வட்டில் எழுதப் போகும், நம் சுற்று 20 மில்லி நொடி காத்துக் கிடக்கும். அதுவரை மோட்டார் கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிருக்கும். தாமதமாக முறை வந்த மென்பொருள், பிழை பெரிதாகிவிட்டதைப் பார்த்து ஓங்கி ஒரு திருத்தம் கொடுக்கும். கை வெடுக்கென்று உதறும். குவளையின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குத்தான் நிகழ்நேர இயங்குதளம். அது கணினியை வேகமாக்குவதில்லை. மொத்த வேலையைக் கணக்கெடுத்தால் கொஞ்சம் மெதுவாகக்கூட இருக்கலாம். அவசரப் பணி தயாரானதும் இன்ன நேரத்துக்குள் பிராசசர் அதன் கைக்கு வந்துவிடும் என்று உறுதி தருகிறது, அவ்வளவுதான்.

அந்த உறுதியை நாம் எழுதும் நிரலே கெடுத்துவிடலாம். 1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. ரோவரைச் சுமந்து சென்ற லேண்டரின் கணினியில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம் ஓடியது. வானிலைத் தகவல் சேகரிக்கத் தொடங்கிய பிறகு கணினி அவ்வப்போது தானாகவே ரீசெட் ஆக ஆரம்பித்தது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பொதுப் பூட்டை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே எடுத்து வைத்திருக்கக்கூடிய அனுமதியை, எடுத்து வைத்திருந்தது. அதே பூட்டுக்காக முன்னுரிமை கூடிய பணி காத்திருந்தது. நடுத்தரப் பணிகள் இடையில் புகுந்து வானிலைப் பணியை ஓடவிடவில்லை. பூட்டும் விடுபடவில்லை. கெடு தவறியதும் பாதுகாப்பு ஏற்பாடு கணினியை மறுபடி தொடங்கிவிட்டது. பூட்டு வைத்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் கொடுக்கும் வசதி விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கெனவே உண்டு. அந்தப் பூட்டுக்கு அது இயக்கப்படாமல் இருந்தது. பூமியில் இருந்த மாதிரியில் கோளாறை மறுபடி வரவழைத்துப் பார்த்து, அப்புறம் இங்கிருந்தே அதை இயக்கிவிட்டார்கள். நல்ல இயங்குதளம் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை இது.

அதனால் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குள் புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது, கோப்பில் எழுதக் கூடாது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாத எதையும் அழைக்கக் கூடாது. தேவையானதைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

எதை எங்கே ஓட்டுவது? கேமரா, பாதைத் திட்டம் போன்றவற்றை லினக்ஸில், ரோபோ மென்பொருளின் பகுதிகளை இணைக்கும் ஆர்ஓஎஸ் 2 மேல் வைக்கலாம். மோட்டார் மின்னோட்டத்தைக் கவனிக்கும் சுற்று, மோட்டாருக்கு அருகிலுள்ள சிறு கணினிச் சில்லான மைக்ரோகன்ட்ரோலரில் இருக்கட்டும். ஃப்ரீஆர்டாஸ், செஃபைர் போன்ற சிறிய நிகழ்நேர இயங்குதளங்கள் அங்கே போதும். லினக்ஸையே நிகழ்நேர இயங்குதளமாக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி வசதி 2024-இல் 6.12 பதிப்போடு அதன் மையக் கெர்னலிலேயே (உட்கருவிலேயே) சேர்ந்துவிட்டது. 1 மில்லி நொடிச் சுற்றுக்கு, ஒழுங்காக அமைத்தால், பல ரோபோக்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

ஆனால் அளந்து பாருங்கள். பணி எவ்வளவு தாமதமாகத் தொடங்குகிறது என்று அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவியை, கணினி சும்மா இருக்கும்போது அல்ல, கேமராவும் நெட்வொர்க்கும் முழுச் சுமையில் ஓடும்போது இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் சராசரியை விட்டுவிட்டு, உச்சத் தாமதம் எவ்வளவு என்று பாருங்கள்.