நடுவில் ஒரு ராத்திரி

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

"மனிதனின் சண்டைக்குணம் மனித இனத்தையே அழித்துவிடுமா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வெறும் சண்டைக்குணம் அழிக்காது என்றுதான் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் ஆறு கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள். அன்றைய உலகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர். அப்படியும் இனம் பிழைத்துக் கிடந்தது. என்னைப் பயமுறுத்துவது அவசரம்.

குருக்ஷேத்திரத்தில்கூடப் பொழுது சாய்ந்தால் பாசறைக்குத் திரும்பினார்கள். (பதினான்காம் நாளை விட்டுவிடுங்கள், அன்று ராத்திரியும் அடித்துக்கொண்டார்கள்.) கோபம் ஆறுகிறதோ இல்லையோ, நடுவில் ஒரு ராத்திரி இருந்தது. அணு ஆயுதம் வந்து அந்த ராத்திரியைப் பிடுங்கிக்கொண்டது.

1962 அக்டோபர் 27, கியூபாவை ஒட்டிய கடல். சோவியத் யூனியன் அங்கே ஏவுகணை வைத்ததால் அமெரிக்காவும் அதுவும் மோதும் நிலையில் நின்ற நேரம். பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்கடியில் பதுங்கியிருக்கிறது. வடதுருவப் பக்கத்துக் கடல் குளிரில் ஓடிப் பழகிய கப்பல். இங்கே உள்ளே 45 டிகிரிக்கு மேல் சூடு. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. காற்று கெட்டு ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். மேலே அமெரிக்கக் கப்பல்கள், "வெளியே வா" என்பதற்கு அடையாளமாகப் பயிற்சிக் குண்டுகளைப் போடுகின்றன. பயிற்சிக் குண்டு என்று கீழே இருப்பவனுக்கு யார் சொல்வது? மாஸ்கோவோடும் தொடர்பு இல்லை. போர் மூண்டுவிட்டது என்றே நினைத்தார் கேப்டன் சாவிட்ஸ்கி. அணுகுண்டு பொருத்திய டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து தாக்கும் ஆயுதம், ஒன்று கப்பலில் இருந்தது. அதைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார்.

கியூபாப் பக்கம் போயிருந்த நான்கு சோவியத் நீர்மூழ்கிகளில், படைப்பிரிவின் மூத்த அதிகாரி வசிலி ஆர்கிபோவ் ஏறியிருந்தது இந்த ஒன்றில். அவர் பேசிப் பேசிக் கேப்டனை அமர்த்தினார். கப்பல் மேலே வந்தது. இந்த டார்பிடோ விஷயம் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது 2002-ல். ஆர்கிபோவ் 1998-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருக்காவது பேச நேரம் இருந்தது. 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய வேளை. அமெரிக்கா ஏவுகணை விட்டுவிட்டது என்று சோவியத் கம்ப்யூட்டர் அலறியது. ஒன்று, அப்புறம் மேலும் நான்கு. ஐந்தே ஐந்தை வைத்துக்கொண்டு எவனாவது போர் தொடங்குவானா என்று யோசித்தார், பணியில் இருந்த சோவியத் அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ். பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்ட வெயிலைப் பார்த்துச் செயற்கைக்கோள் ஏமாந்திருந்தது. பிறகு அவருக்குக் கிடைத்தது கண்டிப்பு: அன்றைய பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லையாம்! அரசு அலுவலகம் எந்த நாட்டிலும் அரசு அலுவலகம்தான்.

சரி, அது வல்லரசுகள் கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 மார்ச் 9 மாலை, இந்தியாவிலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு என்ற ஊர்ப்பக்கம் விழுந்தது. வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. விசாரணை நடத்தி விமானப்படை அதிகாரிகள் மூன்று பேரைப் பணிநீக்கம் செய்தார்கள். ஆனால் பறந்துகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில், உள்ளே வெடிபொருள் இல்லை என்பது அந்தப் பக்கத்து ரேடாரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பாகிஸ்தான் 10-ஆம் தேதி அதை வெளியே சொன்னது; 11-ஆம் தேதிதான் இந்தியா வருத்தம் தெரிவித்தது. இரண்டு ராணுவத் தலைமையகங்களுக்கும் நடுவே ஹாட்லைன் என்ற நேரடித் தொலைபேசி போட்டு எத்தனையோ வருஷமாகிறது.