தராசு யார் கையில்? ரோச்டேல் என்ற சந்தை ஊரின் கதை

அனைவருக்கும் மாலை வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு மளிகைச் சிட்டையை வாசித்துவிடுகிறேன். 28 ராத்தல் வெண்ணெய்; ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 56 ராத்தல் சர்க்கரை. சுமார் 300 கிலோ கோதுமை மாவு. ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு. கொஞ்சம் மெழுகுவர்த்தி, அதுவும் மிருகக் கொழுப்பில் செய்த மலிவு ரகம்.

கல்யாண வீட்டுச் சிட்டை மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இது ஒரு கடையின் மொத்தச் சரக்கு. கொள்முதல் விலை 16 பவுண்டு 11 ஷில்லிங் 11 பென்ஸ். கடை திறந்த நாள் 1844 டிசம்பர் 21, சனிக்கிழமை இரவு. வருடத்திலேயே மிக நீளமான இரவுகளில் ஒன்று. ஊரின் பெயர் ரோச்டேல். வட இங்கிலாந்தில், அன்றைய லங்காஷயரில், மான்செஸ்டருக்கு வடகிழக்கே பென்னைன் மலையடிவாரத்தில் இருக்கிறது. ரோச் என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கு. 

பிற்காலக் கூட்டுறவுக் கடைகளுக்கு முன்மாதிரியான அந்தக் கடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் 1844இல் தொடங்குவார்கள். நான் அறுநூறு வருடம் பின்னால் போய்த் தொடங்கப் போகிறேன். ஏனென்றால் அந்த ஊர் அறுநூறு வருடமாக ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது என்பது என் எண்ணம். சந்தை யாருக்குச் சொந்தம்? தராசு யார் கையில் இருக்கிறது?

1251இல் மூன்றாம் ஹென்றி மன்னர் ஒரு சாசனம் கொடுத்தார். ரோச்டேலில் புதன்தோறும் சந்தை கூடலாம், வருடத்துக்கு ஒரு முறை அக்டோபர் கடைசியில் திருவிழாச் சந்தை நடத்தலாம் என்று சொன்னது அந்தச் சாசனம். இதில் கவனிக்க வேண்டியது, சாசனம் ஊருக்குக் கொடுக்கப்படவில்லை. எட்மண்ட் டி லேசி என்ற நிலப்பிரபுவுக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் சந்தை என்பது ஒரு சொத்து. சுங்கம் பிரபுவுக்கு. அங்கே கடை போட்டு விற்கிறவன் தரைவாடகையும் கொடுக்க வேண்டும். எடையில் ஏமாற்றினால் அபராதம் உண்டு, ஆனால் அபராதப் பணமும் பிரபுவின் மன்றத்துக்குத்தான் போகும். ஏமாந்தவனுக்குப் போவதில்லை.

சரி, என்ன விற்றார்கள்? அந்த மலைச்சரிவில் நெல்லும் விளையாது, கோதுமையும் சரியாக விளையாது. மழை, ஈரம், கரிமண். ஆடு மேய்க்கலாம். ஆட்டிடம் கம்பளி இருக்கிறது, ஓடையில் கம்பளி அலச ஏற்ற மென்மையான தண்ணீர் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு குடியானவன் வீட்டிலும் ஒரு தறி வந்தது. பாதி நாள் மாடு, பாதி நாள் தறி. வீட்டில் நெய்த துணியை முதுகில் சுமந்தோ குதிரைமேல் போட்டோ சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். 1566இல், முதலாம் எலிசபெத் காலத்தில், லங்காஷயரில் துணியை அளந்து முத்திரை போடும் அரசு அதிகாரியின் துணையாட்களை வைக்க ஐந்து ஊர்களைச் சட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். மான்செஸ்டர், ரோச்டேல், போல்ட்டன், பிளாக்பர்ன், பரி. அளவு குறைந்தால் முத்திரை கிடையாது. ஆக, வாங்குகிறவனைக் காப்பாற்ற அளவுகோலுக்கு ஒரு அதிகாரி வந்துவிட்டார். ஆனால் நெசவாளி தன் கூலியில் மாவு வாங்கப் போகும்போது அவனைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. அதற்கு இன்னும் மூன்று நூற்றாண்டு பாக்கி.

18ஆம் நூற்றாண்டில், 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டெஃபோ இந்த வழியாகக் குதிரையில் போயிருக்கிறார். ரோச்டேல் நல்ல சந்தை ஊர், கம்பளித் தொழிலில் வளர்ந்து வருகிறது என்று எழுதிவிட்டு, அங்கிருந்து மலை ஏறியவர் ஆகஸ்ட் மாதத்தில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார். ஆகஸ்ட்! அங்கே அது கோடைக்காலம். அந்த ஊரில் ஏன் கம்பளி நெய்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது ஒரு வேடிக்கை. அந்தப் பிரபு உரிமை கைமாறிக் கைமாறி, 17ஆம் நூற்றாண்டில் பைரன் குடும்பத்துக்கு வந்தது. 1643இல் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பட்டமே 'ரோச்டேல் பைரன் பிரபு' என்பதுதான். ஆமாம், நீங்கள் நினைக்கிற அதே பைரன். கவிஞர் பைரன் ஆறாவது பிரபு. பிரபுக்கள் சபையில் அவருடைய முதல் பேச்சு 1812இல். இயந்திரத்தை உடைக்கும் நெசவாளிகளைத் தூக்கில் போட ஒரு மசோதா வந்தபோது, அதை எதிர்த்துப் பேசினார். அது நாட்டிங்காம் பக்கத்துத் தொழிலாளிகளைப் பற்றிய பேச்சு. மசோதா எப்படியும் நிறைவேறிவிட்டது. தன் பட்டத்தில் இருக்கிற ஊரும் நெசவாளி ஊர்தான். அங்கே அவருக்கு இருந்த உறவு, நிலக்கரிச் சுரங்க உரிமைக்காக நீதிமன்றத்தில் வருடக்கணக்காக இழுத்த ஒரு வழக்கு. கடைசியில் 1823இல் ஜேம்ஸ் டியர்டன் என்பவருக்கு மொத்த உரிமையையும் விற்றுவிட்டார். விற்ற சில மாதங்களில் கிரேக்க விடுதலைப் போருக்குப் போன இடத்தில் இறந்தும் போனார். பெரிய கவிஞர், சந்தேகமில்லை. நல்ல நிலச்சுவான்தார் என்று மட்டும் சொல்ல முடியாது.

இதற்கிடையில் ஊரே மாறிவிட்டது. 1804இல் ரோச்டேல் கால்வாய் முழுமையாகத் திறந்தது. பென்னைன் மலையைத் தாண்டிய முதல் கால்வாய் அதுதான். 32 மைல் நீளம், 92 மடைப்பூட்டுகள்; படகு படி ஏறுவதுபோல மலை ஏறி இறங்கும். பருத்தி வந்தது, நிலக்கரி வந்தது, ஆலை வந்தது. வீட்டுத்தறிக்காரன் ஆலைக்கூலி ஆனான். வாரச் சந்தைக்கு வந்து பேரம் பேச அவனுக்கு நேரமில்லை. கூலியையே சில முதலாளிகள் தங்கள் கடைச் சீட்டாகக் கொடுத்தார்கள்; 1831இல் சட்டம் தடை செய்யும் அளவுக்கு அந்த வழக்கம் இருந்தது. வெளிக்கடையில் கடன் சொல்லி வாங்கினால், கடன்பட்டவன் கடையை மாற்ற முடியாது. மாவில் சுண்ணாம்புத் தூள், சர்க்கரையில் மணல், தேயிலையில் வேறு ஏதோ காய்ந்த இலை. சொல்லவும் முடியாது, போகவும் முடியாது. அன்றைக்குப் பிரபு சுங்கம் வாங்கினார், கண்ணுக்குத் தெரிந்தது. இப்போதைய சுங்கம் மாவுக்குள்ளேயே கலந்து வந்தது.

1844இல் கம்பளி நெசவாளிகள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள், தோற்றார்கள். கூலியைக் கூட்ட முடியாவிட்டால், அந்தக் கூலி எங்கே போய் ஓட்டையாகிறதோ அதையாவது அடைப்போம் என்று ஒரு கூட்டம் யோசித்தது. இருபத்தெட்டுப் பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எல்லாரும் நெசவாளிகள் அல்ல. செருப்புத் தைப்பவர், தச்சர், கம்பளி தரம் பிரிப்பவர் என்று பலர் இருந்தார்கள். கூட்டுறவு வாழ்க்கையை வலியுறுத்திய ராபர்ட் ஓவன் கொள்கைக்காரர்கள் சிலர், ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்டுகள் சிலர். வாரம் இரண்டு பென்ஸ், அப்புறம் மூன்று பென்ஸ் என்று சேர்த்தார்கள். அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், அதாவது 240 பென்ஸ். வாரம் இரண்டு பென்ஸ் வீதம் ஒரு பவுண்டு சேர 120 வாரம் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். சேர்ந்தது 28 பவுண்டு. டோட் லேன் என்ற தெருவில் 31ஆம் எண் கிடங்கின் கீழ்த்தளத்தை வருடம் 10 பவுண்டு வாடகைக்கு எடுத்தார்கள். காஸ் கம்பெனி விளக்குக்கு இணைப்புத் தர மறுத்தது என்று சொல்வார்கள், அதனால் மெழுகுவர்த்தி. அது விற்பனைக்கும் ஆயிற்று, வெளிச்சத்துக்கும் ஆயிற்று. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம்? ஆலையில் நூல்கட்டை கழற்றுகிற பொடியன்கள், வாசலில் நின்று கேலி செய்தார்கள்.

அவர்களுக்கு முன்னாலேயே அதே தெருவில் ஒரு கூட்டுறவுக் கடை இருந்து, இரண்டே வருடத்தில், 1835இல் மூடிப்போயிருந்தது. காரணம், கடன் கொடுத்தது. ஆகவே இவர்கள் கறாராகிவிட்டார்கள்: ரொக்கம் மட்டும். நம் பெட்டிக்கடைகளில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை தொங்குமே, அதில் நாளை என்ற பேச்சே இல்லாத பலகை. இரண்டாவது, சரக்கில் கலப்படம் இல்லை, எடை சுத்தம். மூன்றாவதுதான் சூட்சுமம். லாபத்தை எப்படிப் பிரிப்பது? முதல் போட்டவனுக்கு வட்டி ஓர் அளவோடு நிற்கும். மிச்ச லாபம், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் திரும்பும். மூன்று மாதத்தில் 10 பவுண்டுக்கு நீங்கள் சாமான் வாங்கியிருந்தால், பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் என்று அறிவித்தால், 10 ஷில்லிங் உங்கள் கணக்கில் ஏறும். சாப்பிடச் சாப்பிடச் சேமிப்பு! ஒருவருக்கு ஒரு ஓட்டு, பங்கு எத்தனை இருந்தாலும். 1846இல் இலைசா பிரையர்லி முதல் பெண் உறுப்பினரானார். கல்யாணமான பெண் சம்பாதித்த காசு புருஷனுடையது என்று நாட்டுச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1870இல்தான் அந்தச் சட்டம் கொஞ்சம் இளகியது. டோட் லேன் கடை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

1849இல் ஊரின் சேமிப்பு வங்கி கவிழ்ந்தது; உள்ளே இருந்தவரே கையாடியிருந்தார். ஜனங்கள் மிச்சக் காசைக் கொண்டுபோய் எங்கே போட்டார்கள் தெரியுமா? 1848இல் 140 ஆக இருந்த டோட் லேன் கடைச் சங்க உறுப்பினர்கள் 1849இல் 390, மறு வருடம் 600. பத்து வருடம் கழித்து மூவாயிரத்தைத் தாண்டியது. வாசிப்பு அறை வைத்தார்கள், லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு படிப்புக்கு ஒதுக்கினார்கள்.

இவர்களை மகான்களாக்கிவிடக் கூடாது. 1854இல் இதே ஆட்கள் முன்னின்று ஒரு பருத்தி ஆலை தொடங்கினார்கள். லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு என்பது விதி. ஆலை நன்றாக ஓடியது, வெளியிலிருந்து பங்குதாரர்கள் சேர்ந்தார்கள், 1862இல் ஓட்டெடுப்பு நடத்தித் தொழிலாளியின் பங்கை நீக்கிவிட்டார்கள். ஓட்டெடுப்பு விதிப்படிதான் நடந்தது. அதுதான் எனக்கு வலிக்கிறது. அந்த ஊரின் இன்னொரு புகழ்பெற்ற மகன், ஆலை முதலாளி ஜான் பிரைட்டும் இப்படித்தான். இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டு விலையை ஏற்றிவைத்த தானியச் சட்டங்களை எதிர்த்துப் போராடி 1846இல் அவற்றை நீக்கவைத்தவர்களில் முக்கியமானவர். ஏழையின் ரொட்டி மலிய வேண்டும் என்றார். அதே மனிதர், ஆலையில் பத்து மணி நேர வேலை என்று சட்டம் வந்தபோது எதிர்த்தார்.

டோட் லேன் கணக்குப் புத்தகம் கடல் தாண்டியும் போயிற்று. 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில், பள்ளித் தலைமையாசிரியர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி முதலானோர் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்களே, டி.யு.சி.எஸ்., அதற்கு முன்மாதிரி ரோச்டேல்தான். இங்கே இருக்கிற பெரியவர்கள் சிலர் அதில் வரிசையில் நின்றிருப்பீர்கள்.

31ஆம் எண் கட்டடம் இன்னும் நிற்கிறது, 1931இலிருந்து அருங்காட்சியகம். டோட் என்றால் ஆங்கிலத்தில் தேரை. போகிறவர்கள் அங்கே தேரையைத் தேட வேண்டாம். அந்த ஊர்க் கொச்சையில் 'பழைய தெரு' என்று சொன்னதுதான், எழுதியவர் காதில் தேரையாக விழுந்துவிட்டதாம்.