உரக்கப் படித்தவர்: ஹைன்ரிக் ஷ்லீமனின் மொழிகளும் காதல்களும்

அவையோருக்கு வணக்கம்.

பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியத்தில் வரும் டிராய் நகரைத் தோண்டியவராகத்தான் ஷ்லீமனை நமக்குத் தெரியும். அந்த மண்வேலைக்கு முன்னால் அவர் செய்த நாவேலை ஒன்று உண்டு. மொழி கற்க நினைப்பவர்களுக்கு அதுதான் பெரிய பாடம் என்பேன்.

1842. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக நிறுவனத்தில் எடுபிடி வேலை. வயது 20. ஆண்டுச் சம்பளம் 800 பிராங்க். அதில் பாதி படிப்புக்கே போனது. ஆங்கிலத்தை அவர் கற்ற முறையை அவரே எழுதி வைத்திருக்கிறார். நிறைய உரக்கப் படிக்க வேண்டும், மொழிபெயர்க்கக் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் பாடம். பிடித்த விஷயம் பற்றிக் கட்டுரை எழுதி, ஆசிரியரிடம் திருத்தி வாங்கி, திருத்திய பிரதியை மனப்பாடம் செய்து, மறுநாள் ஒப்பிக்க வேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு முறை ஆங்கிலத் தேவாலயத்துக்குப் போய், பிரசங்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் கூடவே முணுமுணுப்பார். ஆறு மாதத்தில் ஆங்கிலம் வசப்பட்டது.

இந்த முறையில் அச்சாணி எது? திருத்துவதுதான். திருத்தாத கட்டுரையை உருப்போட்டால் பிழையும் சேர்ந்தே நாக்கில் ஊறிவிடும். பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. ரஷ்ய மொழியில் அவருக்கு இந்தச் சிக்கல் வந்தது. ஆசிரியரே கிடைக்கவில்லை. கையில் இருந்தவை பழைய இலக்கண நூல், அகராதி, 'தெலெமாக்' என்ற பிரெஞ்சுக் கதையின் ரஷ்ய மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். தன் கட்டுரைகள் மோசமாகத்தான் இருந்திருக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதற்கு ஈடாக அந்த அச்சிட்ட நூலையே நெட்டுருப் போட்டார்.

ஒப்பிக்க ஓர் ஆள் வேண்டுமே! வாரம் நான்கு பிராங்க் கொடுத்து ஓர் ஏழை யூதரை அமர்த்தினார். தினமும் மாலை இரண்டு மணி நேரம் அவர் உட்கார்ந்து கேட்பார். ரஷ்ய மொழியில் ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது. அந்த ஊர்ச் சாதாரண வீடுகளில் அப்போது மேல்தளம் ஒற்றைப் பலகைதான், சத்தம் கீழே வரை இறங்கும். அக்கம்பக்கத்தார் புகாரால் இரண்டு முறை குடிமாற நேர்ந்தது. ஆறு வாரத்தில் முதல் ரஷ்யக் கடிதம் எழுதிவிட்டார். 1846-ல், அப்போது அவர் வேலை பார்த்த நிறுவனம் அவரை ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்குக்கு அனுப்பியது.

ஹோமரின் மொழியான கிரேக்கத்தை 1856 வரை தள்ளிப்போட்டார். ஹோமரின் மயக்கத்தில் வியாபாரம் கெட்டுவிடுமோ என்ற பயம். தொடங்கியபோது, தமக்குத் தெரிந்த ஒரு பிரெஞ்சு நாவலின் கிரேக்க மொழிபெயர்ப்பை எடுத்து, சொல்லுக்குச் சொல் மூலத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒரு தடவையில் பாதிச் சொற்கள் பிடிபட்டன. அகராதியைப் புரட்டும் நேரம் மிச்சம்.

காதலில் இந்த வேகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. சிறுவயதுத் தோழி மின்னாவுக்கு, கையில் காசு சேர்ந்த பிறகு பெண் கேட்டு அனுப்பினார்; அவளுக்கு அப்போதுதான் மணம் முடிந்திருந்தது. 1852-ல் ரஷ்யாவில் எகத்தெரீனாவை மணந்தார். மூன்று குழந்தைகள். மனம் ஒட்டவே இல்லை.

1869-ல் விவாகரத்து பெற்றார். தமக்குக் கிரேக்கம் கற்பித்த பாதிரியாரிடமே, ஹோமரை நேசிக்கும் பெண்ணாகப் பார்க்கச் சொல்லியிருந்தார். வாய்த்தவள் சோஃபியா, வயது 17, அவருக்கோ 47. பெண் பார்க்கப் போன இடத்தில், ரோமப் பேரரசர் ஹேட்ரியன் ஏதென்சுக்கு எப்போது வந்தார் என்று கேட்டார். பிறகு ஹோமரை ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தாள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே திருமணம். பிறந்த குழந்தைகளுக்கு ஆண்ட்ரோமகி, அகமெம்னோன் என்று ஹோமரிலிருந்தே பெயர் வைத்தார்கள்.