சக்கரத்துக்குச் சுருதி சேர்ப்பது

நேயர்களுக்கு வணக்கம். சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க, அதாவது பக்கவாட்டில் ஆடாமல் நேராக்க, நான் வீட்டிலேயே பழகினேன். முதல் நாள் லேசாக ஆடிக்கொண்டிருந்த சக்கரம், அரை மணி நேரத்தில் எட்டுப் போட ஆரம்பித்துவிட்டது. கம்பிகளை இறுக்குவதாக நினைத்துக்கொண்டு தளர்த்தியிருக்கிறேன்!

போக்ஸ் கம்பி ரிம்மில் சேரும் இடத்தில் இருக்கிறதே நிப்பிள் என்ற குட்டி நட்டு, அதை டயர் பக்கமிருந்து பார்த்து வலப்புறமாகத் திருப்பினால் கம்பி இறுகும். நாம் பார்ப்பதோ பெரும்பாலும் உள்பக்கமிருந்து. அங்கே எல்லாம் தலைகீழ். இது கைக்குப் பழக எனக்கு இரண்டு சக்கரம் ஆயிற்று.

சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். ஃபோர்க்கில் ஒரு பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டி, முனையை ரிம்முக்கு மயிரிழை தள்ளி நிறுத்துங்கள். மெதுவாகச் சுற்றினால் உரசும் இடம் தெரியும். ரிம் இடப்பக்கம் ஒதுங்குகிறதா? அந்த இடத்தில், சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பின் வலப்பக்கம் போகும் கம்பிகளை இறுக்குங்கள், இடப்பக்கம் போவதைத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அவ்வளவுதான். இறுக்கிக்கொண்டே போனால் கோட்டம் போகும். ஆனால் ரிம் அந்த இடத்தில் உள்ளே இழுபட்டு, ஓட்டும்போது தூக்கிப் போடும்.

நிப்பிளைத் திருப்பும் சாவியைத் தொடுமுன் கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் ‘தொப்’ என்றால், பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. பின்சக்கரத்தில் மட்டும் வலதையும் இடதையும் ஒப்பிடாதீர்கள். பல் சக்கரம் இருக்கும் வலப்பக்கக் கம்பிகள் இயல்பாகவே கூடுதல் இறுக்கம். கம்பி தொய்வாக இருந்தால் உறுதி குறையும் என்பது மட்டுமல்ல. ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும் கம்பி சற்றுத் தளர்ந்து மறுபடி இறுகும். தொய்ந்த கம்பிக்கு இந்த ஆட்டம் தாங்காது, ஹப் பக்கத்து வளைவில் ஒடியும்.

சாவி நிப்பிளுக்குச் சரியான அளவா என்று பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் நிப்பிளின் முனை மழுங்கிவிடும், அப்புறம் திருப்பவே முடியாது. ரிம்மே நசுங்கியிருந்தால் வீணாக மல்லுக்கட்ட வேண்டாம், ரிம்மை மாற்றுவதுதான் வழி.

கடைசியாக, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்துங்கள். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் ‘டிக் டிக்’ என்று நிமிரும். சத்தம் நின்றபின் பென்சிலை மறுபடி பாருங்கள். கோட்டம் கொஞ்சம் திரும்ப வந்திருக்கும்.