தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு

(திரையில்: பாலைநிலத்தின் மேல் இரவு வானம்)

1969 பிப்ரவரி 8. வட மெக்சிகோவில் சிவாவா மாநிலம். நள்ளிரவு தாண்டி மணி ஒன்று. பெரிய நெருப்புப் பந்து ஒன்று சீறி வந்து வெடித்து, அயெந்தே என்ற ஊரைச் சுற்றி விண்கல் மழையாகக் கொட்டியது. பொறுக்கிச் சேர்த்தது மட்டும் குறைந்தது 2 டன்.

வந்த நேரமும் வாகான நேரம். ஜூலையில் நிலாக் கல் வரப்போகிறது என்று அமெரிக்க ஆய்வகங்கள் புதுக் கருவிகளோடு காத்திருந்தன. நிலாவை இது முந்திக்கொண்டது.

(திரையில்: அறுத்த கல்லின் முகம், மிக அருகில்)

வெளியே தீய்ந்த கறுப்புத் தோல். அறுத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம். அதில் கடுகு கடுகாக உருண்டைகள். அவற்றுக்குப் பெயர் காண்ட்ரூல். நடுவே கோணல்மாணலாக, தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளைத் துண்டுகள்.

நம் கதாநாயகன் அந்த வெள்ளைத் துண்டுதான். கால்சியமும் அலுமினியமும் நிறைந்தது. கொதிக்கும் வாயு ஆறும்போது முதலில் கெட்டியாகும் சரக்கு இது. இதிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து வயதைக் கணக்கிடுகிறார்கள்: சுமார் 456.7 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பத்தின் வயது என்று பாடப்புத்தகம் சொல்வது, உண்மையில் இந்த மாதிரித் துண்டுகளின் வயது. பூமியின் பாறையில் இதைத் தேட முடியாது. பூமி உருகி, புரண்டு, தன் பழைய கணக்கையெல்லாம் அழித்துவிட்டது.

சரி, இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று இருக்கிறது. அலுமினியம் 26 என்றொரு கதிரியக்க வகை. 7 லட்சம் ஆண்டுகளில் அதில் பாதி மக்னீசியம் 26 ஆகிவிடும். வானியல் கணக்கில் அது கண்சிமிட்டும் நேரம். 1976இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி வாசர்பர்க்கின் குழு அயெந்தே விண்கல்லின் வெள்ளைத் துண்டை அளந்தபோது, அலுமினியம் கூடக் கூட மக்னீசியம் 26உம் அதே விகிதத்தில் கூடியது. அப்படியென்றால் துண்டு கெட்டியானபோது அலுமினியம் 26 உயிரோடு இருந்திருக்கிறது. ஏதோ நட்சத்திரத்தில் உண்டான பொருள், தீர்ந்துபோவதற்குள் இங்கே வந்து சேர்ந்துவிட்டது! அது சிதையும்போது வெளிவந்த சூட்டில்தான் ஆரம்பகாலக் குட்டிக் கோள்கள் பலவும் உள்ளுக்குள் உருகின.

(திரையில்: நுண்ணோக்கியில் ஒரு காண்ட்ரூல்)

அப்புறம் அந்தக் கடுகு உருண்டைகள். ஒவ்வொன்றும் சட்டென்று 1,500 டிகிரி வரை சூடாகி உருகி, வேகமாக ஆறிய துளி. சூடாக்கியது எது? வாயுவில் ஓடிய அதிர்வலை என்கிறது ஒரு தரப்பு. குட்டிக் கோள்கள் மோதித் தெறித்த துளி என்கிறது இன்னொன்று. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.