நூற்றைம்பது பவுனும் ஒரு விடுதலைச் சீட்டும்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, விளக்கேற்றித் தொடங்கிவைத்த நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, உடல்நலம் குன்றியிருந்தும் மாடிப்படி ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, நாற்காலிகளைத் தம் பள்ளியிலிருந்து அனுப்பி உதவிய தலைமையாசிரியர் அவர்களே, ஆண்டுதோறும் என்னை அழைத்து, ஆண்டுதோறும் நேரம் முடிந்ததென்று துண்டுச் சீட்டு நீட்டும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இத்தனை பெரியோர்களை விளித்து முடித்த பிறகுதான் ஒரு சங்கடம் எனக்கு உறைக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் குவேக்கர்கள், அதாவது நண்பர்கள் சங்கம் என்ற கிறித்தவப் பிரிவினர், இப்படியெல்லாம் விளிக்க மாட்டார்கள். அரசன் எதிரே வந்தாலும் தொப்பியைக் கழற்றாதவர்கள் அவர்கள். பட்டமும் பதவியும் சொல்லி யாரையும் அழைப்பதில்லை. தொழுகைக் கூடத்தில் குருக்கள் என்று ஒருவர் இல்லை. யாவரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள், உள்ளிருந்து சொல் எழுந்தவர் எழுந்து பேசுவார், ஆணாயினும் பெண்ணாயினும். அந்த வழக்கப்படி நடந்தால் நம் செயலாளருக்குத் துண்டுச் சீட்டு வேலையே இருக்காது.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில் நகரத்தில் வாழ்ந்த ரிச்சர்ட்சன் என்ற குவேக்கர் குடும்பம் ஒரு மனிதனை விலை கொடுத்து மீட்ட வரலாறு. இரண்டு, அதே குடும்பம் சர்க்கரையையும் பருத்தித் துணியையும் வைத்து நடத்திய போராட்டம். மூன்று, போருக்கு எதிராக அவர்கள் செய்த பணி. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் பழமொழி. நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்வேன் என்று என் வீட்டிலேயே கேலி செய்வார்கள். ஆனாலும் இன்று சொல்லாமல் தீராது.

தேர் என்றதும் வடம் பிடிப்பவர்களைத்தான் நாம் நினைக்கிறோம். படம் எடுப்பதும் அவர்களைத்தான். சக்கரத்தின் அருகே குனிந்து, கட்டையைச் சரியான நொடியில் செருகி, தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்கிறாரே, அவர் பெயர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் தெருமுனை வீட்டுக்குள் நுழைந்துவிடும். அடிமை ஒழிப்பு என்ற தேருக்கு வடம் பிடித்தவர்களை உலகம் அறியும். ரிச்சர்ட்சன் குடும்பத்தார் கட்டை போட்டவர்கள்.

1787இல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க அமைந்த குழுவின் 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள். 1807இல் பிரித்தானிய நாடாளுமன்றம் வணிகத்தைத் தடை செய்தது. 1833இல் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியது என்று படித்திருப்பீர்கள். யாருக்கு வழங்கியது என்பதைக் கவனியுங்கள்: அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. மனிதனை விடுவிக்க வேண்டுமானால் அவனைக் கட்டிவைத்தவனுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்ற இந்தக் கேள்வியைத்தான் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பள்ளி ஆசிரியை தனியாகச் சந்தித்தார்.

அவர் பெயர் எலன் ரிச்சர்ட்சன். 1808இல் பிறந்தவர், நியூகாசிலில் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. அவருடைய அண்ணன் ஹென்றி, அண்ணி அன்னா. சம்மர்ஹில் குரோவ் என்ற தெருவில் ஹென்றியும் அன்னாவும் வாழ்ந்த வீட்டுக்கு 1846ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு விருந்தினர் வந்தார். அவர்தான் பிரெடரிக் டக்ளஸ்.

அவர் அங்கே வந்து சேர்ந்த கதையைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். தம் பிறந்த நாள் எது என்று வாழ்நாள் முழுதும் அறியாதவர். 1838இல் தப்பி வடக்கே சென்றார். 1845இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதி, தம்மை உடைமையாக வைத்திருந்தவர்களின் பெயரையும் ஊரையும் அச்சிட்டார். எழுதியது உண்மை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஓடிப்போனவன் எங்கே இருக்கிறான் என்பதையும் அந்த நூலே பறைசாற்றியது. பிடித்து இழுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடுத்தது. எனவே கடல் கடந்தார். கப்பலில் அவர் நிறத்துக்கு மேல்தட்டு அறை இல்லை, கீழ்த்தட்டில் பயணம். கரை நெருங்கும் வேளையில் கப்பல் தலைவர் அவரை அழைத்து, அடிமை முறையைப் பற்றிப் பயணிகளிடம் பேசச் சொன்னார். பேசத் தொடங்கியதும் சிலர் கொதித்தெழுந்து, இவனைக் கடலில் தூக்கி வீசுவோம் என்றார்கள். கப்பல் தலைவரோ, கலகம் செய்பவர்களுக்கு விலங்கு மாட்டுவேன் என்றார். அத்தோடு அடங்கினார்கள். விலங்கு என்றால் என்ன என்று அந்தக் கனவான்களுக்கு அந்த ஒரு கணமாவது நினைவு வந்திருக்கும்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் கூட்டம் கூட்டமாக மக்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். மனைவியும் நான்கு குழந்தைகளும் மாசசூசெட்ஸில் இருந்தார்கள். நியூகாசிலை அடுத்துக் கல்லர்கோட்ஸ் என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. அதன் கடற்கரை மணலில் ஒருநாள் ரிச்சர்ட்சன் குடும்பத்தாரோடு டக்ளஸ் அமர்ந்திருந்தார். எலன் அவரைப் பார்த்து, அமெரிக்காவுக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று கேட்டார். வீடு அந்தக் கரையில், போனால் விலங்கு. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் இவரை மீட்டே தீர வேண்டும் என்ற எண்ணம் எலனுக்கு உறுதிப்பட்டது. அதன் பின் அவர் மேடை ஏறவில்லை, முழக்கம் எழுப்பவில்லை, கடிதங்கள் எழுதினார். குவேக்கர் குடும்பங்கள் திருமண உறவாலும் வணிகத்தாலும் ஆண்டுக் கூட்டங்களாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. ஒரு வீட்டில் கடிதம் பிரித்தால் பத்து வீட்டுக்குச் செய்தி போகும். ராச்டேல் நகரத்துக் குவேக்கரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் பிரைட் 50 பவுன் அனுப்பினார். மீதியும் சேர்ந்தது. அமெரிக்க வழக்கறிஞர்கள் வழியாகப் பேரம் நடந்தது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும், அந்த ஊர் பத்து நகரங்களில் சிதறிக் கிடந்தாலும்.

விலை 150 பவுன். பவுன் என்று நான் சொன்னதும் தாய்மார்கள் நகைக்கடையை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம், அதே பவுன்தான். நாம் எட்டு கிராமை ஒரு பவுன் என்பதே அந்த நாட்டுத் தங்க நாணயத்தின் எடையால். நூற்றைம்பது தங்கக் காசுகளை ஒரு தட்டில் குவித்துவைத்து, மறு தட்டில் ஒரு மனிதனை ஏற்றிப் பாருங்கள். டாலர் கணக்கில் 711 டாலர் 66 சென்ட். அந்த அறுபத்தாறு சென்ட்தான் என்னைத் தூங்கவிடாதது.

1846 டிசம்பர் 5ஆம் தேதி, சட்டப்படி டக்ளஸின் உடைமையாளராக இருந்த ஹியூ ஆல்ட் விடுதலைச் சீட்டில் கையெழுத்திட்டார். பிரெடரிக் பெய்லி, மறுபெயர் டக்ளஸ், வயது இருபத்தெட்டு அல்லது ஏறக்குறைய, உழைத்துப் பிழைக்க வல்லவர் என்று அந்தச் சீட்டு சொல்கிறது. ஐரோப்பாவையே பேச்சால் கலங்கடித்துக்கொண்டிருந்தவருக்கு, உழைத்துப் பிழைக்க வல்லவர் என்று நற்சான்று.

இதில் ஒரு வழக்கும் எழுந்தது. நீதிபதி ஐயா இருக்கும் அவையில் அதை மறைக்கக் கூடாது. பணம் கொடுத்ததே தவறு, மனிதனை உடைமை என்று ஒப்புக்கொண்டதாகிவிட்டது என்று ஒழிப்பியக்கத்தினர் பலர் கொதித்தார்கள். ஹென்றி ரைட் என்ற தோழர் டக்ளசுக்கே நேரடியாக எழுதினார், அந்தச் சீட்டைத் தொடாதே என்று. டக்ளஸ் டிசம்பர் 22ஆம் தேதி மான்செஸ்டரிலிருந்து பதில் எழுதினார். கொள்ளைக்காரன் கையிலிருந்து தப்பப் பணம் கொடுப்பவர், கொள்ளையை நியாயம் என்று ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார். இந்தச் சீட்டை உலகத்தின் முன் தூக்கிப் பிடித்து, அமெரிக்க அரசின் கொள்ளைக் குணத்துக்கு இதையே சான்றாக்குவேன் என்பது அவர் வாதம். எந்த வாதத்திலும் விட்டுக்கொடுக்காத அமெரிக்க ஒழிப்பியக்கத் தலைவர் வில்லியம் லாயிட் கேரிசனும் இதில் எலன் பக்கமே நின்றார்.

என் கருத்தைக் கேட்டால், ரைட் எழுதியது கொள்கை. எலன் பார்த்தது கடற்கரையில் ஒரு முகம். இரண்டும் வேண்டும். ஆனால் முதலில் முகம்.

1847இல் டக்ளஸ் சுதந்திர மனிதராக நாடு திரும்பினார். அப்போதும் கப்பலில் முதல் வகுப்புச் சீட்டு வாங்கியும் மற்றவர்களோடு உட்கார விடவில்லை என்பது தனிக் கதை. பிரித்தானிய நண்பர்கள் திரட்டித் தந்த பணம் துணைநிற்க அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி ராசெஸ்டர் நகரத்தில் துருவ நட்சத்திரம் என்று பொருள்படும் பெயரில் தம் இதழைத் தொடங்கினார். அங்கேயும் ஐசக் போஸ்ட், ஏமி போஸ்ட் என்ற குவேக்கர் தம்பதியர் அவருக்குத் துணை. அடுத்த ஆண்டு ஜூலையில் செனகா ஃபால்சில் பெண்ணுரிமை மாநாடு கூடியது. அதற்கான முடிவு எடுக்கப்பட்டதே ஒரு தேநீர் மேசையில். உட்கார்ந்திருந்த ஐந்து பெண்களில் நால்வர் குவேக்கர் குடும்பத்தினர். வாக்குரிமைத் தீர்மானம் தோற்கும் போலிருந்தபோது எழுந்து ஆதரித்துப் பேசியவர் டக்ளஸ்.

ரிச்சர்ட்சன் குடும்பம் ஒருவரோடு நிறுத்தவில்லை. 1854இல் வில்லியம் வெல்ஸ் பிரவுன் என்ற எழுத்தாளரை 300 டாலருக்கு மீட்டார்கள். வீம்ஸ் என்ற குடும்பத்தை மீட்க அன்னாவும் ஹென்றியும் நிதி திரட்டினார்கள். அதில் ஒரு மகளை மட்டும் உடையவன் விற்க மறுத்துவிட்டான், பணம் கையில் இருந்தும். பதினைந்து வயது மதிக்கத்தக்க அந்தப் பெண் 1855இல் வண்டிக்காரப் பையன் வேடத்தில் தப்பிக் கனடா சேர்ந்தாள்.

இரண்டாவது செய்தி. அன்னா 1846இல் நியூகாசில் பெண்களைக் கூட்டி, அடிமை உழைப்பில் விளைந்த பொருளை வாங்குவதில்லை என்ற சங்கத்தைத் தொடங்கினார். 1850 வாக்கில் இப்படிப்பட்ட சங்கங்கள் இருபதுக்கு மேல். தப்பி வந்த அடிமையும் போதகருமான ஹென்றி ஹைலண்ட் கார்னெட்டை அந்த ஆண்டு வரவழைத்து ஊர் ஊராகப் பேசவைத்தார். அடிமை கை படாத பருத்தி விலை கூடுதல், நெசவும் சுமார். வாங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் உடுத்தினார்கள். அதற்கும் முன்பே சர்க்கரைக் கிண்ணங்களில், இது கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்யாதது என்று பொன்னெழுத்தில் எழுதி மேசையில் வைக்கும் வழக்கம் இருந்தது.

இங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்தக் கிண்ணங்கள் மேசைகளில் மின்னிக்கொண்டிருந்த அதே காலத்தில், கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் இருந்த நம் தஞ்சைப் பகுதியில் நிலத்தோடு சேர்த்து ஆளும் கைமாறிக்கொண்டிருந்தான். 1833ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினியின் நாடுகளையும் இலங்கையையும் வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. டார்லிங்டன் நகரத்துக் குவேக்கர் ஜோசப் பீஸ் போன்றோர் 1839இல் பிரித்தானிய இந்தியச் சங்கம் அமைத்து இந்திய மக்களின் நிலையைக் கேள்வி கேட்டார்கள். 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது: மனிதன் மீதான உடைமை உரிமையை எந்த நீதிமன்றமும் செயல்படுத்தாது. ஆண்டைக்கு இழப்பீடும் இல்லை, ஆளுக்கு நிலமும் இல்லை. அடிமைச் சீட்டு போய்க் கடன் சீட்டு வந்தது. பண்ணையாள் என்றும் படியாள் என்றும் பெயர் மாறியது.

போரெதிர்ப்பைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். செயலாளர் துண்டுச் சீட்டை நீட்டிவிட்டார். அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள நேரத்தை, நான் உண்மையில் எதற்காக இந்த மேடையைக் கேட்டு வாங்கினேனோ அதற்குச் செலவிடுகிறேன்.

சென்ற மாசியில் ஒரு செங்கல் சூளையிலிருந்து வந்த பெண் எங்கள் குழுவினரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினார். முதல் பக்கத்தில் முன்பணம். அதற்குக் கீழே அரிசி, மருந்து, ஒரு சாவுச் செலவு. அறுத்த கல்லின் கணக்கு மட்டும் பென்சிலில் இருந்தது, அது அழிந்திருந்தது. கடன் ஏறுமுகம், கூலி மங்கல். 711 டாலருக்குப் பின்னால் இருந்த அறுபத்தாறு சென்ட்டை அந்த நோட்டில்தான் நான் மறுபடி பார்த்தேன்.

நல்லவர்கள் சிலர் அந்தக் கடனை நாமே கட்டிவிடலாமே என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எலனும் அதைத்தான் செய்தார். ஆனால் எலன் காலத்து மேரிலாந்தில் சட்டம் ஆல்ட் பக்கம் இருந்தது. நமக்கு 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. அந்தக் கடன் அச்சட்டப்படி செல்லாது. ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. குழு முறையாகக் கூடி, விசாரித்து, விடுதலைச் சான்றிதழ் கையில் கொடுக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பிய குடும்பம் அடுத்த பருவத்தில் அதே லாரியில் ஏறிவிடுகிறது.

1833இல் பிரித்தானியப் பெண்கள் அடிமை ஒழிப்புக்காக அனுப்பிய ஒரே மனுவில் 1,87,000 கையெழுத்துகள் இருந்தன. தாள்களை ஒன்றோடொன்று தைத்துச் சுருட்டிய அந்தச் சுருளை நாடாளுமன்றத்துக்குள் தூக்கிச் செல்ல நான்கு உறுப்பினர்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் மனு அவ்வளவு பெரிதல்ல. நம் கோட்டத்தின் கண்காணிப்புக் குழுவை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்டுங்கள் என்று ஒரே ஒரு பத்தி. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். வடம் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா இரண்டுதான் கொண்டுவந்தோம், உங்களுடையதையும் எடுத்து வாருங்கள். நகர்மன்றத் தலைவர் அம்மையார் முதல் கையெழுத்து இடுவதாக மேடையில் அமர்ந்தபடியே என் காதில் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.